கந்தகம் போடாத வைன்

அக்கா,

நேற்றுக் காலை கடையின் பின்னறைக் கதவைத் திறந்ததும் அந்த மணம் மூக்கில் அடித்தது. அழுகத் தொடங்கிய ஆப்பிள், நனைந்த வைக்கோல், நடுவில் எங்கோ புளித்த மாவின் வாடை. விளக்கைப் போட முன்னமே விளங்கிவிட்டது, உங்களுடைய வைன்தான். கீழ்த்தட்டில் படுத்திருந்த போத்தல் ஒன்று தக்கையைத் தள்ளிவிட்டுக் கக்கியிருந்தது. பக்கத்தில் இருந்த கிரிஸ்ப்ஸ் பெட்டிகள் ஊறிச் சிவந்துபோயிருந்தன. நீங்கள் கண்ணை மூடியும் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்னமும் உங்களுக்காக நான்தான் தரை துடைக்கிறேன். வாளியும் துணியுமாகக் குந்தியிருந்து வாய்விட்டே உங்களைத் திட்டினேன். திட்டி முடியவில்லை. மிச்சத்தை இதில் எழுதுகிறேன்.

லண்டன் நோர்பரியில் இந்த ஓஃப் லைசன்ஸ் கடையை நாம் எடுத்தபோது சனம் என்ன கதை கதைத்தது என்று உங்களுக்குத் தெரியும். எண்பதுகளின் கடைசி அது. புருசனை இழந்த நீங்களும், ரயிலில் ஷிப்ட் வேலை செய்கிறவரின் பெண்சாதியான நானும் குடிவகை விற்கிறோமாம். கோயிலில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சற்றுத் தள்ளி இருந்தார்கள். நாம் பொருட்படுத்தவில்லை. பியர், விஸ்கி, மலிவான வெள்ளை வைன், சிகரெட், பால், பாண் என்று கடை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். உங்களுக்கு அது ஏலாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசியில் நம்முடைய தம்பி குகனைப் பார்க்கப் பிரான்சுக்குப் போனீர்கள். அகதியாக வந்த அவன் பாரிஸில் தங்காமல் நாட்டின் தெற்கே, பெர்ப்பினியோனுக்குப் பக்கத்தில், மத்தியதரைக் கடலைப் பார்த்திருக்கும் ஒரு மலைச்சரிவில் திராட்சைத் தோட்ட வேலையில் இருந்தான். ஒரு கிழமையில் வருவதாகச் சொன்ன நீங்கள் பழம் பறித்து முடியும்வரை அங்கேயே நின்றுவிட்டு வந்தீர்கள். வந்த வீச்சில், பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை, “பிள்ளை, இனி எங்கட கடையில மதாமின்ர வைன்தான்” என்றீர்கள். மதாம் என்பது அந்தத் தோட்டக்காரி. குகன் அப்படித்தான் அவளைக் கூப்பிடுவான், நாமும் அப்படியே கூப்பிட்டோம்.

அதற்குப் பிறகு நான் கேட்ட கதைகள்! மாட்டுக்கொம்புக்குள் சாணத்தை அடைத்து மழைக்காலம் தொடங்கப் புதைப்பார்களாம். கோடை வர முன் கிண்டி எடுத்து, அதில் ஒரு கையளவைத் தண்ணீரில் கரைத்து, ஒரு மணி நேரம் இடமும் வலமும் மாற்றிச் சுழற்றித் தோட்டத்துக்குத் தெளிப்பார்களாம். தொட்டால் சொறியும் காஞ்சோண்டியை அவித்த தண்ணீர் கொடிகளுக்கு மருந்தாம். சந்திரன் எந்த ராசியில் நிற்கிறான் என்று பார்த்துத்தான் கொடி வெட்டுவார்களாம், போத்தலில் அடைப்பார்களாம். ராகுகாலம் பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் நீங்கள், கல்லாப்பெட்டிக்கு மேலே அந்தப் பிரெஞ்சுச் சந்திர நாட்காட்டியைத் தொங்கவிட்டீர்கள். இலை நாள், பழ நாள், வேர் நாள் என்று அதில் நிறம் நிறமாக இருந்தது. வேர் நாளில் போத்தல் திறந்தால் வைன் வாய் திறக்காது என்று வாடிக்கையாளருக்கே சொல்லி அனுப்புவீர்கள். விற்கிறவள் இன்றைக்குக் குடிக்காதே என்று சொன்னால் கடை எப்படி நடக்கும்?

குடிக்கிற பழக்கம் உங்களுக்கு இல்லை என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கொடுமை. மணந்து மட்டும் பார்ப்பீர்கள். பிறகு கிளாஸை என்னிடம் நீட்டி, “நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு” என்பீர்கள். வெள்ளிக்கிழமை விரதகாரி நான். வியாழக்கிழமைகளில் கடைக்குப் பின்னால் நின்று வைனை வாயில் வைத்துத் துப்பப் பழகினேன். புளிக்குது என்றால், “அது உயிரோட இருக்கு” என்பீர்கள். கலங்கலாக இருக்கு என்றால் அதற்கும் அதே பதில். மாட்டுத்தொழுவ மணம் வருது என்று ஒருநாள் சொன்னேன். உங்களுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டும்.

வாங்கிப் போனவர்கள் திருப்பிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அடியில் மண்டி கிடக்கிறது என்றார்கள், சைடர் போல இருக்கிறது என்றார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு போத்தல் கொடுத்து அனுப்பியவள் நான். பக்கத்துத் தெருவில் இருந்த பள்ளிக்கூட ஆசிரியர் மகளின் நிச்சயதார்த்த விருந்துக்கு அதைக் கொண்டுபோனார். நல்ல வெயில் கிழமை. கந்தகம் போடாத வைன், உள்ளே மிச்சமிருந்த சீனி சூட்டில் திரும்ப நொதித்து, திறக்கிறவரின் கையில் இருக்கும்போதே தக்கை பாய்ந்து, சம்பந்தி வீட்டாரின் வெள்ளைச் சோபா முழுக்கச் சிவப்பு. அடுத்த நாள் அந்தக் கறை படிந்த சேட்டோடேயே கடைக்கு வந்து நின்றார் மனுசன். நீங்கள் சாமான் எடுக்கப் போயிருந்தீர்கள். மன்னிப்புக் கேட்டது நான்.

அன்று பின்னேரம் உங்களோடு முறையாகச் சண்டை பிடித்தேன். உலகம் முழுக்க நொதிப்பை அடக்கக் கொஞ்சம் கந்தகம் சேர்த்துத்தான் வைன் அடைக்கிறது, மதாமுக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டேன். கொடிக்குக் கந்தகத் தூள் போடுவாளாம், மயில்துத்தம் தெளிப்பாளாம், போத்தலுக்குள் மட்டும் ஒரு துளியும் கூடாதாம். இது என்ன நியாயம் என்றேன். நீங்கள் தராசில் வெங்காயம் நிறுத்துக்கொண்டே அமைதியாகச் சொன்னீர்கள்:

“பழத்தில இருக்கிறது போத்தலுக்க வந்தாக் காணும், பிள்ளை.”

“பழத்தில இருக்கிறது சோபாவுக்கும் வந்திட்டுது, அக்கா.”

நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த பறிப்புக்கு இரண்டு மடங்கு பெட்டி சொல்லியிருப்பதாக மட்டும் சொன்னீர்கள். இந்த முறை நானும் வாறன், மதாமுக்கு முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லுவேன், நீங்கள் குறுக்கே வரக்கூடாது என்றேன். “வா” என்றீர்கள். அவ்வளவுதான்.

கோச் பஸ்ஸில் ஒரு பகலும் இரவும் இருந்து போனோம். வழி முழுக்க நான் பிரெஞ்சில் ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகினேன். அங்கே மலைப்பக்கமிருந்து வறட்டுக் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று இலையின் ஈரத்தை உலர்த்திவிடுவதால்தான் அங்கே பூஞ்சணம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்று குகன் சொன்னான். நீங்கள் மதாமோடு கூடை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறிவிட்டீர்கள். மொழி தெரியாத இரண்டு பேரும் கையாலேயே கதைத்துக்கொண்டு போனீர்கள். நானும் குகனும் கீழ் வரிசையில் நின்றோம். ஊரில் நாம் முந்திரிகை என்று சொல்லும் அதே பழம், அங்கே கொடி முழங்காலளவுதான். குனிந்து குனிந்து எனக்கு முதுகு விட்டுப்போனது.

குகன் நாலைந்து கொடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினான். அந்த வயதில் அப்படி வாங்கக்கூடாது. என்னடா என்று கேட்டேன். “பெரியக்கா சொல்லேல்லையோ?” என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

பிறகுதான் சொன்னான். வந்த புதிதில், பேப்பர் ஒன்றும் இல்லாத காலத்தில், கீழே சமவெளியில் ஒரு பெரிய தோட்டத்தில் மருந்தடித்திருக்கிறான். முதுகில் மருந்துத் தாங்கி, முகத்தில் ஒரு துணிகூட இல்லை. காற்று திரும்பினால் மருந்து முழுக்க முகத்துக்கே வரும். இரண்டு பருவம் அடித்தான். மூன்றாம் பருவத்தில் வரிசைக்குள்ளேயே மூச்சு அடைத்து விழுந்துவிட்டான். முதலாளி அவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனவர்தான், திரும்பிப் பார்க்கவில்லை. இனி மருந்துக்குக் கிட்டவும் போகக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்தச் சுற்று வட்டாரத்தில் அந்த மாதிரி விஷ மருந்து அடிக்காத தோட்டம் மதாமுடையது ஒன்றுதான்.

“மதாமின்ர வைனை இஞ்ச ஒருத்தரும் வாங்கிறேல்லை, அக்கா. அவா தோட்டத்தை மூடினா நான் திரும்பக் கீழதான் போகவேணும். அந்தப் பயத்திலதான் எங்கட பெரியக்கா இவ்வளவு பெட்டி எடுக்கிறா.”

கத்தரிக்கோலைக் கூடைக்குள் போட்டுவிட்டு நின்றேன். எனக்குக் கவலை வரவில்லை, கோபம்தான் வந்தது. எத்தனை மாதமாக நான் கொம்புக் கதையும் ராசிக் கதையும் கேட்டிருப்பேன்! இந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் போதாதா?

பின்னேரம் மதாம் முற்றத்தில் பீப்பாய்த் தண்ணீரைத் தடியால் சுழற்றிக்கொண்டிருந்தாள். வழி முழுக்கப் பழகி வந்த சொல்லை நான் சொல்லவில்லை. குகனை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு என் பங்குக்குக் கட்டளை போட்டேன். சீனி மிச்சமுள்ள வைனை லண்டனுக்கு அனுப்பக்கூடாது. இன்னொரு குளிர்காலம் பீப்பாயிலேயே கிடக்கட்டும், நொதித்து முடிந்தது மட்டும் வரட்டும். அதுவும் வெயில் தொடங்க முன் வந்து சேரவேண்டும். மதாம் தடியை நிறுத்தாமல் கேட்டாள். கடைசியில் தோளைக் குலுக்கிச் சரி என்றாள். இதை முதலிலேயே யாராவது கேட்டிருந்தால் தானும் செய்திருப்பாளாம். அந்த ‘யாராவது’ யார் என்று நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள்.

திரும்பி வரும் கோச்சில்தான் கேட்டேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை?

“சொன்னா நீ பாவம் பாத்து வாங்குவாய்,” என்றீர்கள். “பாவம் பாத்து விக்கிற சாமான் ஒரு வரியம்தான் விக்கும். நல்ல சாமான் எண்டு விக்கவேணும்.” பிறகு, “சந்திரன்ர கதையும் உண்மைதான்” என்று சேர்த்தீர்கள். அந்த இடத்தில் உங்களைக் கோச்சிலிருந்து இறக்கிவிடவேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகு வந்தவை அவ்வளவாகக் கக்கவில்லை. நேற்றையது எப்படித் தப்பி வந்ததோ தெரியாது, மதாமிடம் கேட்கத்தான் போகிறேன். சோபா ஆசிரியர்கூட ஒரு மாரியில் வந்து, ஜன்னலுக்குள் கிடந்த போத்தலைக் காட்டி, அது இப்போது அடங்கியிருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போனார். பிறகு அடிக்கடி வந்தார். பெரிதாக விற்றது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தோட்டம் மூடப்படவில்லை. போனதுக்கு முந்தின வருடம் மார்கழியில் உங்களுக்கு நெஞ்சு நோவு வந்தபோதும், மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தபோதும், குகன் அங்கேதான் வேலையில் இருந்தான். செத்தவீட்டுக்கு வந்தவன் படியில் ஏறி வந்து ஒருதரம் நின்று மூச்சு வாங்கினான். அடுத்த முறைக்கு எத்தனை பெட்டி என்று என்னைக் கேட்கத் துணியாமல் போய்விட்டான். நானே போன் எடுத்துச் சொன்னேன்.

இந்தச் சித்திரையில் ஒரு காலை, கடைக்கு வெளியே நடைபாதை ஓரத்துப் புல்லுக்கு ஒரு பொடியன் மருந்தடித்துக்கொண்டு போனான். முதுகில் தாங்கி, முகத்தில் ஒன்றும் இல்லை. நான் கல்லாவை விட்டு வெளியே போய் மறித்தேன். மாஸ்க் எங்கே என்று கேட்டேன். தரவில்லையாம். மகள் உள்ளே இருந்து, “அம்மா, அந்தாளை விடுங்கோ, அது அவற்ற வேலை” என்று வெட்கப்பட்டாள். எதிர்ப்பக்க ஹார்ட்வெயார் கடையில் பெயின்ட் அடிக்கிறவர்கள் போடும் மாஸ்க் ஒரு பெட்டி வாங்கி வந்து அவன் கையில் திணித்தேன். எனக்காகப் போட்டுக்கொண்டு மூலையால் திரும்பினான். நான் மூலைவரை பின்னால் போய்ப் பார்த்தேன். கழற்றி நாடியில் தொங்கவிட்டிருந்தான்.

கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான். கையால் என் மூக்கைக் காட்டினேன். பெரிய மூச்சு ஒன்று விட்டு, இழுத்து மேலே போட்டான். மற்ற மூலையில் அவன் மறையும்வரை ஏப்ரனோடு தெருவில் நின்றேன். கடையில் ஆள் காத்திருந்தது, மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கரைச்சல் பிடித்த மனுசி என்று அந்தப் பொடியன் நினைத்திருப்பான். நினைக்கட்டும், அக்கா. நானும் உங்களை அப்படித்தான் நினைத்தேன்.