மங்கலாகத் திறக்கும் பக்கம்

என் ஓவியக்காரிக்கு,

நான் நலம். உன் அப்பாவும் நலம். அவருடைய இருமல் எங்கள் இருவரையும்விட நலம். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டை வருகிறது, சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பு என்றாய். அனுப்புகிறேன். புரோகிராம் எழுதிப் பழகிய கைக்குக் கடிதம் எழுத வராது. தப்பிருந்தால் நீயே திருத்திக்கொள்.

முதலில் நம் கண்ணாடிக் கடைச் செய்தி. லென்ஸ் தேய்க்கும் எந்திரத்தைச் சரி செய்தாயிற்று, அந்தக் கரகர சத்தம் நின்றுவிட்டது. உன் அப்பா பிரேம் அலமாரியை மறுபடியும் கலைத்து அடுக்கியிருக்கிறார். "விலை கூடினதெல்லாம் கண்ணுக்கு நேரா இருக்கணும் மாப்ளே" என்கிறார். கண்ணுக்கு நேரா இருப்பது தெரியாமல்தானே நம்மிடம் வருகிறார்கள் என்றேன். மத்தியானம் வரைக்கும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரேம்களைத் துடைத்தார். சாப்பாட்டு நேரத்தில் தானாகவே சிரித்துவிட்டார்.

இனி நம் வழக்கு. கடையின் இணையதளத்துக்கு முன்வாசல் மாதிரி நீ வரைந்து வைத்திருந்த அறிமுகப் பக்கத்தை நான் எடுத்தேன். அந்தக் கோபத்தில்தான், படம் வரையும் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பும்போது நீ வாசலில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எடுத்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். படம் அழகுதான், யார் இல்லை என்றது? ஒரு தெரு முழுக்க மங்கலாக இருக்கும்; லென்ஸ் ஒன்று மெல்ல நகர்ந்து வரும்; அது போகப் போக இலைகள் தனித்தனியாகும், பேருந்துப் பலகையைப் படிக்க முடியும், கடைசியில் கடைப் பெயர் தெளியும். ஆனால் நம் தளத்துக்கு யார் வருகிறார்கள்? கண்ணாடி உடைந்தவர்கள். போன் நம்பரும் கடை திறக்கும் நேரமும் தேடி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் போய் மங்கலான தெருவைக் காட்டினோம். படத்தைத் தாண்டிப் போக ‘தவிர்’ என்ற பொத்தானை மூலையில் வெளிறிய சாம்பல் நிறத்தில் வைத்தோம்! பத்துப் பேரில் ஆறு பேர் அங்கேயே திரும்பிப் போனார்கள். ஒருவர் நேரிலேயே வந்து, "ஏற்கெனவே கண்ணாடிய மிதிச்சு உடைச்சுட்டு நிக்கிறேன், நீங்க வேற! கண்ணே போச்சுன்னு நெனச்சேன்யா" என்று கத்தினது உனக்கும் தெரியும். அவசரமாக வருகிறவனை வாசலில் நிறுத்தி வித்தை காட்டக்கூடாது. இதில் நான் ஒரு அங்குலம்கூட இறங்கமாட்டேன்.

இவ்வளவையும் போனிலேயே சொல்லியிருக்கிறேன். புதிதாக நடந்தது வேறு.

போன வாரம் நகரப் பேருந்து ஓட்டும் ஒரு அம்மா சீருடையோடு கடைக்கு வந்தார். உனக்கு அவரைத் தெரியும். அவர் மகளுக்குப் பார்வைச் சோதனை நடந்த அன்று நீதான் அந்தக் குழந்தையை மடியில் வைத்திருந்தாய். வந்தவர் எடுத்த எடுப்பில், "தம்பி, அந்த மங்கல் படம் எங்க போச்சு?" என்றார். வேகத்துக்காக எடுத்துவிட்டோம் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டுக்காரர், பெண் நடிக்கிறாள், இந்த வயதில் கண்ணாடி எதற்கு என்று அதைப் பிடுங்கிப் பீரோவின் மேல் வைத்துவிட்டாராம். "நானும் மொதல்ல அவளத் திட்டினவதான். அந்தப் படத்தப் பார்த்த பிறகுதான் வாய மூடினேன். அவருக்கும் காட்டலாம்னு பார்த்தா ஆளக் காணோம்" என்றார். ஆள் என்று அவர் சொன்னது உன் பக்கத்தை.

பழைய பிரதியைத் தேடி எடுத்துக் கடைக் கணினியில் போட்டு வைத்தேன். சனிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அப்பாக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, கடைக்காரன் வியாபாரத்துக்கு ஏதோ காட்டுகிறான் என்ற முகத்தோடு நின்றார். படம் ஓடியது. பாதியில் அந்தக் குழந்தை, "இல்லப்பா, எனக்கு இதவிட மோசமா இருக்கும். இதுல பஸ் இருக்குன்னாவது தெரியுதே" என்றாள். உன் அப்பாவுக்கு இருமல்கூட வரவில்லை. அந்த மனிதர் கையை அவிழ்த்து, இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. ‘தவிர்’ எங்கே இருக்கிறது என்று அவர் தேடவே இல்லை. போகும்போது அவள் தோளில் கை போட்டுக்கொண்டு, சைக்கிளில் சுவரில் இடித்ததெல்லாம் இதனால்தானா என்று கேட்டுக்கொண்டே போனார்.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். முகப்பில் போன் நம்பர், நேரம், வழி. அதில் கை வைக்கப் போவதில்லை. அதற்குக் கீழே, ‘உங்கள் குழந்தைக்கு உலகம் எப்படித் தெரிகிறது?’ என்று ஒரு வரி. வேண்டுமென்கிறவர்கள் அழுத்தி உள்ளே வரட்டும். உள்ளே வந்தவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கட்டும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு பவருக்கும் எப்படித் தெரியும் என்று காட்ட நானே ஒரு புரோகிராம் எழுதினேன். அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணா, இது குளியலறைக் கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள். சாயங்காலம் விளக்கு எரிந்தால் எல்லாவற்றுக்கும் வால் முளைக்குமாம், எதிரே வரும் வண்டிக்கு நாலு கண்ணாம், கரும்பலகையில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருமாம். மூன்று தடவை மாற்றினேன். மூன்று தடவையும் உதட்டைப் பிதுக்கினாள். உன் அப்பா பக்கத்தில் நின்று, "மாப்ளே, கழுத தேஞ்சு கட்டெறும்பான கத உங்க படம்" என்றார். விளக்குக்கு வால் வரைய எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

இதைச் சாக்காக வைத்து உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. அங்கிருந்தே வரைந்து அனுப்பலாம். அதற்கு ஒரு தடையும் இல்லை. போனில் நீ, பயிற்சி கொடுத்த நிறுவனமே நிரந்தர வேலை தருகிறது, இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், நான் திரும்பி வரட்டுமா வேண்டாமா என்று கேட்டாய். உன் இஷ்டம் என்று சொல்லி போனை வைத்தேன். அது பதில் இல்லை. பதில் இது: நல்ல வேலை. பெரிய திரைக்கு வரைவாய். வேண்டுமென்றால் ஒத்துக்கொள்; உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நான் மாதம் ஒருமுறை அங்கே வருகிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். என்னைக் கேட்டால், வா. கடையில் உன் மேஜையில் யாரையும் உட்கார விடவில்லை. உன் அப்பா பில் புத்தகத்தை அதில் வைத்தார், அதையும் எடுத்துவிட்டேன்.

வருவதென்றால் வெள்ளிக்கிழமைப் பகல் வண்டியில் வா. ராத்திரிப் பயணம் உனக்கு ஒத்துக்கொள்ளாது. வராவிட்டாலும் வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. எதுவானாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ரயில் நிலையத்தில் இருப்பேன். வண்டி தாமதமானால் ஆகட்டும். எனக்குக் காத்திருக்கவே தெரியாது என்பாய். தெரியாதுதான். நிற்கிறேன்.

உன் நினைவாகவே,
உன் அவசரக்குடுக்கை