ஜாடியில் இரண்டு கை சோளம்

ஜூலை 26, செவ்வாய்

இந்தக் கோடையில் ஒன்பதாவது அறுவடை இயந்திரமும் விற்றுவிட்டது. முப்பது வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன், இப்படி ஒரு கோடையைப் பார்த்ததில்லை. சோளத்துக்கு நல்ல விலை. காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் ஆள் கிடைக்காமல் பக்கத்து மாநிலம் வரை தேடுகிறார்கள்.

வாங்கியவர் ஆர்லோ ப்ராண்ட். சாவியைக் கையில் கொடுத்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். நவம்பர் தேர்தலில் எங்களை மறந்துவிடாதே என்று சொன்னேன். "கையில காசு இருக்கு வெர்லின், இல்லைங்கல. அதுக்காக அந்தாளுக்கு ஓட்டுப் போடுவேன்னு கனவு காணாத" என்றார். அதிபர் பெயர் வாக்குச் சீட்டிலேயே இல்லை, ஜோலீன் பெயர்தான் இருக்கிறது என்றேன். "ரெண்டும் ஒரே கொட்டகைதானே" என்று சொல்லிவிட்டு இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பதினான்கு வருடமாக மாவட்டத்தில் கட்சித் தலைவர் நான். ஜோலீன் ஹெக்லண்டை நாடாளுமன்ற உறுப்பினராக்கி வாஷிங்டனுக்கு அனுப்பியதும் நான்தான் என்று ஊரில் சொல்வார்கள். நானும் மறுப்பதில்லை. மாட்டு டாக்டராக இருந்தவள். இங்கே பாதிக் கொட்டகைகளில் அவள் கை வைத்துப் பிறந்த கன்றுகள் நிற்கின்றன. அவளையும் அந்தாளையும் ஒரே கொட்டகையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஜூலை 31, ஞாயிறு

காலையில் மார்வா கீழறையிலிருந்து ஏறி வந்து காப்பி போட்டுக்கொண்டு போனாள். "காலை வணக்கம் வெர்லின்." "வணக்கம் மார்வா." மூன்று மாதமாக இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை.

மார்வா என் மனைவி ட்வைலாவின் தங்கை. ஏப்ரல் வெள்ளத்தில் ஆற்றோரம் எல்க் பெண்டில் போன நாற்பது வீடுகளில் அவளுடையதும் ஒன்று. அதிபர் ஹெலிகாப்டரில் மேலாகப் பார்த்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே ஏதோ ஒரு கூட்டத்தில், "ஆத்துக்குள்ள வீட்டைக் கட்டினா மீனோடதான் குடும்பம் நடத்தணும்" என்று சொல்லிச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. நாங்கள் மூவரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தோம். மார்வா என்னைத்தான் பார்த்தாள். நான் ரிமோட்டைத் தேடினேன்.

ஒரு வார்த்தை. "அந்தாள் பேசுனது தப்பு" என்று என் சாப்பாட்டு மேசையில், என் வீட்டில், என் மைத்துனியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்சித் தலைவராம். வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 11, வியாழன்

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை, இங்காவது இருக்கட்டும்.

மாவட்டப் பொருட்காட்சியில் வானொலி நிலையம் வழக்கம்போலக் கூடாரம் போட்டிருக்கிறது. மேசைமேல் இரண்டு கண்ணாடி ஜாடி, ஒன்றில் ஜோலீன் படம், மற்றதில் எதிராளி படம். வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சோள மணி. பிடித்தவர் ஜாடியில் போட வேண்டும். விளையாட்டுத்தான். ஆனால் ஊரே அந்த ஜாடிகளைத்தான் பேசும். கடந்த மூன்று தேர்தலிலும் ஜாடி சொன்னது தப்பவில்லை.

பொருட்காட்சிக் குழுவில் இருப்பதால் காலை ஏழு மணிக்குக் கூடாரங்களைத் திறந்துவிடுவது என் வேலை. திறந்தேன். எதிராளி ஜாடி கிட்டத்தட்டப் பாதி. ஜோலீனுடையது அதில் பாதிகூட இல்லை. நேற்று ஒரு நாளிலேயே.

மேசைக்கடியில் மூட்டை இருந்தது. குனிந்தேன். இரண்டு கை அள்ளிப் போட்டேன். கண்ணாடியில் மணிகள் விழுந்த சத்தத்துக்கு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. பக்கத்துக் கொட்டகையில் பன்றிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மானத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். யாருடைய மானம்?

ஆகஸ்ட் 13, சனி

நேற்றும் போட்டேன். இன்றும்.

ஆகஸ்ட் 17, புதன்

பத்திரிகையில் முதல் பக்கம். இரண்டு ஜாடிகளின் படம், ஜோலீனுடையது ஒரு விரல் உயரம் அதிகம். கீழே, நல்ல பொருளாதாரம் ஆளுங்கட்சியைக் கரை சேர்த்துவிடும் போலிருக்கிறது என்று அரைப்பக்கக் கட்டுரை. வாஷிங்டனில் கண்ணாடி போட்ட யாரோ ஒரு நிபுணர் எங்கள் சோளத்தை வைத்து நாட்டுக்கே ஜோசியம் சொல்லியிருக்கிறார்.

ட்வைலா கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். "உன் முகத்துல சந்தோஷத்தையே காணோமே" என்றாள். கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று சாவியை எடுத்தேன்.

செப்டம்பர் 10, சனி

வீடு வீடாகப் போனோம். முப்பத்தொரு வாசல். கட்சி கொடுத்த தாளில் ஒரே கேள்விதான் முக்கியமாம்: இரண்டு வருடத்துக்கு முன்பைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

ஏறக்குறைய எல்லோரும் ஆம்தான். கூரை மாற்றியிருக்கிறார்கள், மகளுக்குக் கார் வாங்கியிருக்கிறார்கள். "ஆமா, நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு ஒரு "ஆனா" போடுகிறார்கள். "ஆனா எல்க் பெண்ட்காரங்களைப் பாத்துச் சிரிச்சானே." "ஆனா ஜோலீன் ஒரு வார்த்தை பேசலையே." அந்த ஆனாவுக்குத் தாளில் கட்டம் இல்லை. ஆம் என்று குறித்துவிட்டு நடந்தேன். முப்பத்தொரு வாசலில் இருபத்தெட்டு ஆம். பிரசார மேலாளர் கென்ட்ரா தாளைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

செப்டம்பர் 18, ஞாயிறு

தேவாலயம் முடிந்து ஜோலீன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ட்வைலா பீச் பழக் கேக் வைத்தாள். மார்வா கீழேயே இருந்துவிட்டாள். ட்வைலா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் ஜோலீன் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். தானே எழுதியதாம், கென்ட்ராவுக்குத் தெரியாதாம். அதிபர் எல்க் பெண்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பகிரங்கமாக ஓர் அறிக்கை.

"இதை வெளியிட்டா அந்தாள் என்னைத் தொலைச்சுக்கட்டிடுவான். வெளியிடலைன்னா இந்த ஊர் தொலைச்சுக்கட்டுமோன்னு பயமா இருக்கு" என்றாள். "கென்ட்ரா என்னடான்னா, ஜாடியைப் பாரு, ஆம்-இல்லை தாளைப் பாரு, பொருளாதாரத்தை மட்டும் பேசுங்கறா. நீதான் வாசல் வாசலாப் போறவன். நீ சொல்லு வெர்லின், அந்த ஜாடியை நம்பலாமா?"

இவ்வளவு நேரடியாக யார் கேட்பார்கள்? கடவுளே வந்து கேட்டது மாதிரி இருந்தது. சொல்லியிருந்தால் அரை நிமிடம். ஜோலீன், அதில் பாதி என் கைச் சோளம். அவ்வளவுதான்.

"சோளம் பொய் சொல்லாது" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு.

அவள் நெடுமூச்சு விட்டாள். நிம்மதி. தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். இன்னொரு துண்டு கேக் சாப்பிட்டாள்.

அக்டோபர் 13, வியாழன்

உயர்நிலைப் பள்ளி அரங்கில் வேட்பாளர் விவாதம். ட்வைலா என்ன சொல்லி அழைத்தாளோ, மார்வாவும் வந்தாள், ட்வைலாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கடைசியில் கேள்வி வந்தது. அதிபர் எல்க் பெண்டைப் பற்றிச் சொன்னது சரியா, தவறா?

ஜோலீன் தண்ணீர் குடித்தாள். "நம்ம மாவட்டத்துல இன்னைக்கு வேலை இல்லாதவங்க நூத்துக்கு ரெண்டு பேர்கூட இல்லை. மக்கள் பேசுறது அதைத்தான்" என்றாள்.

யாரும் கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மார்வா எழுந்தாள், எங்கள் முழங்கால்களைத் தாண்டி மெதுவாக வெளியே நடந்தாள். அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். ஆர்லோவும்.

வண்டியில் வரும்போது மார்வா பின் இருக்கையிலிருந்து சொன்னாள்: "எனக்கும்தான் வேலை இருக்கு. வீடுதான் இல்லை."

அக்டோபர் 15, சனி

மார்வா ஆர்லோ பண்ணையில் இருக்கும் பழைய வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். பெட்டி தூக்க உதவப் போனேன். வேண்டாம் என்றாள், மரியாதையாகத்தான்.

நவம்பர் 8, செவ்வாய்

வாக்களித்தேன்.

இல்லை. அப்படி எழுதினால் இந்த நோட்டுக்கும் பொய் சொன்னதாகும். கறுப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு தடுப்புக்குள் நின்றேன். செனட், ஆளுநர், மாவட்ட வழக்கறிஞர், எல்லா வட்டத்தையும் நிரப்பினேன். ஜோலீன் பெயர் வந்தது. பேனா நின்றது. அந்த அரங்கில் தண்ணீர் குடித்துவிட்டு அவள் சொன்ன பதில் காதில் கேட்டது. எங்கள் முழங்கால்களைத் தாண்டிப் போன மார்வாவின் காலணி கண்ணில் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஜோலீன் மேல்!

அந்தப் பதிலை அவள் வாயில் வைத்தவன் நான். அதற்கு அவளைத் தண்டித்தவனும் நானா? வட்டத்தை வெறுமையாக விட்டுச் சீட்டை இயந்திரத்தில் செருகினேன். அது ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. "நான் வாக்களித்தேன்" என்ற ஒட்டு வில்லையைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

நவம்பர் 9, புதன்

தோற்றுவிட்டாள். மூவாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். நாடு முழுக்க எங்கள் கட்சிக்கு இதே கதைதான். வேலை இருந்தது, சம்பளம் ஏறியது, எதுவும் கை கொடுக்கவில்லை. தொலைக்காட்சியில் அதே கண்ணாடி நிபுணர், மக்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று தலையைச் சொறிகிறார். என்னைக் கேட்டால் சொல்வேன்.

சாயங்காலம் ட்வைலா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று அழுதாள். ஜோலீனுக்காக என்று நினைத்தேன். "நான் எதிராளிக்குத்தான் போட்டேன் வெர்லின். மார்வா முகத்தைப் பாத்துட்டு என்னால முடியல. உனக்குத் துரோகம் பண்ணிட்டேன். பதினாலு வருஷம் இதுக்காக ஓடின மனுசன் நீ" என்றாள். ஈரக் கையோடு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மன்னித்துவிடச் சொன்னாள்.

பரவாயில்லை என்றேன். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். "மனசுல வச்சுக்க மாட்டேன்" என்றும் சொன்னேன். பெருந்தன்மை! அவள் என் தோளில் முகத்தை வைத்து, உன்னை மாதிரி ஆள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள்.

இந்த மூன்று மாதத்தில் செய்ததிலேயே இதுதான் மகா கேவலம். சோளமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை.

நவம்பர் 24, வியாழன்

நன்றி தெரிவிக்கும் நாள். மார்வா வரவில்லை. மிஞ்சிய வான்கோழி நான்கு நாளைக்கு வரும்.

டிசம்பர் 10, சனி

மாவட்டக் கட்சிக் கூட்டம், நூலகத்தின் பின்னறையில். பத்தொன்பது பேர். அடுத்த இரண்டு வருடத்துக்குத் தலைவர் தேர்வு. ஜோலீனே எழுந்து என் பெயரை முன்மொழிந்தாள். இளைத்திருந்தாள். "எல்லாரும் என்னை விட்டுப் போனப்பவும் இவன் ஓட்டு ஒண்ணு எனக்கு உறுதின்னு தெரியும்" என்றாள். கை தட்டினார்கள். ட்வைலா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தன்னைத்தான் நினைத்துக் குனிகிறாள் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்தேன். சொன்னேன். மூன்று நாள் காலையிலும் சோளத்தை அள்ளிப்போட்டதை, அந்த ஞாயிற்றுக்கிழமை ஜோலீன் கேட்டபோது மறைத்ததை, வெறுமையாக விட்ட வட்டத்தை. கோர்வையாக வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஜோலீன் கோட்டை எடுத்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டாள். "அன்னைக்கு உன்கிட்டக் காட்டின அந்தத் தாளை நான் இன்னும் கிழிக்கலை வெர்லின்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். தலைவராக வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

திரும்பும்போது வண்டியை ட்வைலா ஓட்டினாள். எல்க் பெண்ட் பாலத்தைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினாள்.

"அன்னைக்கு நான் அழுதுக்கிட்டு உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேனே. அப்ப ஏன் சொல்லலை?"

பதிலுக்குக் காத்திராமல் வண்டியைக் கிளப்பினாள். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, மார்வாவிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை.