கம்பளைக்கு இறங்கிய வழக்கு

பெப்ரவரி 6, 2024

வேலைத்தளத்தில் கொங்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தபோது லோயர் போன் பண்ணினார். கண்டி மேல் நீதிமன்றம் எங்கள் காணி வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி கம்பளை மாவட்ட நீதிமன்றத்துக்கே அனுப்பிவிட்டதாம். எங்கள் வீட்டுக்கும் முனாஸ் நானா வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் மூன்றடிச் சந்து, அந்த ஒழுங்கை, யாருடையது என்று முடிவாகும்வரை இரண்டு பக்கமும் ஒரு கல்கூட வைக்கக் கூடாது. மேலே ஓர் அறை எழுப்பாமல் நான் எப்படிக் கல்யாணம் கட்டுவது?

அப்பாவிடம் சொன்னேன். முகம் செத்துப்போச்சு. "கம்பளைக்கா? கண்டியிலேயே வச்சிக்கச் சொல்லேன்டா." பஸ்ஸா இது, ஹோல்ட்டை மாத்தச் சொல்ல?

பெப்ரவரி 9

நான் கட்டப்போகிற சர்மிளா: "உங்க அப்பா குறட்டைக்குப் பக்கத்து ரூம்ல எனக்குக் குடித்தனம் நடத்த ஏலாது." நியாயம்தான். நாலரை அங்குலச் சுவர்.

பெப்ரவரி 20

"லோயரைப் பார்க்கணும்" என்று அப்பா விடியவே கண்டிக்குப் போய்விட்டார். வழக்குக்குப் போகும் நாளெல்லாம் கதிர்காமத்து முருகனுக்கு விரதம். தேத்தண்ணிகூட இல்லை. அதை நினைத்து அம்மா வருஷக்கணக்காக அழுகிறார்.

எனக்கும் கண்டியில் சாமான் வாங்க வேண்டியிருந்தது. பசிக்குதே என்று மார்க்கெட் பக்கத்து ஹோட்டலுக்குள் நுழைந்தால் — மூலை மேசையில் அப்பா. எதிரில் முனாஸ் நானா. நடுவில் ஒரே சஹன். ஆட்டுப் புரியாணி. இரண்டு பேர் கையும் அந்த ஒரு தட்டில்!

எங்கள் ஊர் கெலிஓயாவில் இவர்கள் முகம் பார்க்க மாட்டார்கள்.

"விரதமாப்பா?" என்றேன்.

அப்பா அவசரமாக விழுங்கினார். முனாஸ் நானாதான் வாயைத் திறந்தார். "கத்தாதீங்க தம்பி. ஊர்ல நாங்க பேசினா உங்கட அம்மாவும் என்ட றம்லத்தும் சும்மா விடுவாங்களா? கண்டியில எங்கள யாருக்குத் தெரியும்? கம்பளை றம்லத்துட ஊரு. அடிக்கொரு மச்சான் நிப்பான். இருங்க, நீங்களும் ஒரு கை வைங்க."

அப்போ இது வழக்கே இல்லை. பிக்னிக்! நான் ஒருத்தன்தான் மடையன்.

புரியாணி நல்லாத்தான் இருந்துச்சு.

மார்ச் 19

கம்பளையில் வழக்கின் முதல் தவணை. கோர்ட்டில் உட்காரும் வாங்கின் இந்த நுனியில் அப்பா, அந்த நுனியில் முனாஸ் நானா, நடுவில் மச்சான்மார். அப்பாவுக்கு இன்றைக்குத்தான் நிஜமான விரதம். பஸ்ஸில் தலை சுற்றி என் தோளில் சாய்ந்துவிட்டார்.

மார்ச் 23

இரண்டு பேரையும் அந்த ஒழுங்கையிலேயே நிறுத்திக் கேட்டேன். "ஒழுங்கையப் பொதுவா விட்டுட்டு சமாதானமாப் போங்களேன். அப்புறம் சேர்ந்து கண்டிக்குப் போனா யார் என்ன கேக்கப் போறா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படியும் செய்யலாமா?" என்றார் அப்பா.

இத்தனை வருஷத்தில் இது ஒருத்தருக்குமா தோணல?

மே 14

கோர்ட்டில் சமாதானம் பதிவாயிற்று. தடை நீங்கியது. நாளைக்கே செங்கல் ஏற்றுகிறேன்.

ஆகஸ்ட் 18

மேல் அறை முடிந்தது. சர்மிளா பார்த்துவிட்டு, ஜன்னல்தான் அழகு என்றாள். ஆவணியிலேயே கல்யாணம்.

சந்தோஷத்தில் எல்லோரையும் வேனில் கண்டிக்குக் கூட்டிப்போனேன். அம்மாவும் றம்லத் மாமியும் இப்போது ஒட்டிக்கொண்டார்கள், வழியெல்லாம் ஒரே பேச்சு. ஹோட்டலில் அம்மா அப்பாவுக்கு மரக்கறிச் சோறு சொன்னார். "விரதம் இருந்து இருந்து வயிறு சுருங்கிப்போன மனுசன், இறைச்சி ஒத்துக்காது." றம்லத் மாமி கொலஸ்ட்ரோல் என்று சொல்லி முனாஸ் நானாவின் தட்டையும் இழுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது அப்பாவும் முனாஸ் நானாவும் ஹோட்டல் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும் முனாஸ் நானா அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணன், தம்பிட புது ஜன்னல் என்ட பக்கமால்ல தொறக்குது?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. "ஆமா நானா, பெரிய தப்புதான்... கேஸைக் கண்டியிலதானே போடுவீங்க?"