நீ அனுப்பிய கொலைக் கதைகள்

ஹந்தானை வீதி,
கண்டி.

அன்பு மகள் மதுஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கு முழங்கால் வலி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம், அங்கே நீயும் மருமகனும் சின்னவளும் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையாரை வெள்ளிக்கு வெள்ளி தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன். உன் பார்சல் வந்து சேர்ந்தது. புருஷன் செத்த வீட்டுக்கு ஆறுதலாகக் கொலைக் கதைப் புத்தகம் அனுப்புகிற பிள்ளை உலகத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய் என்று பக்கத்து வீட்டுப் பரிமளம் சொன்னாள். அவளுக்கென்ன தெரியும், உங்கப்பா மாநகரசபை வேலை முடிந்து வந்ததும் பழைய கொலைக் கதையை வாசித்துக் காட்ட, நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்க, அப்படித்தானே எங்கள் காலம் போனது.

இப்போது வாசித்துக் காட்ட ஆளில்லை, நானே எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். இந்தப் புதுக் கதை எழுதுகிறவர்களுக்கு என்ன கேடு என்று தெரியவில்லை. முதல் பக்கத்திலேயே இவன்தான் கொன்றான் என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு எதற்கு மிச்சப் புத்தகம் என்று பார்த்தால், அவன் சின்ன வயதில் என்ன தின்றான், அவன் அம்மா ஏன் அடித்தாள் என்று ஊர்ப்பட்ட கதை. துப்பறிய வருகிறவனோ குடிகாரன், பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனவன், கொலைகாரனே தேவலை என்று இருக்கிறது. ஒரு அத்தியாயம் இந்த வருஷம், அடுத்த அத்தியாயம் எந்தக் காலமோ, நான் விரலை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டினேன். பழைய கதையில் அந்தக் கஷ்டம் கிடையாது. மழை பெய்யும், லைட் போகும், பணக்காரக் கிழவர் விழுந்து கிடப்பார். துப்பறிகிறவர் எல்லாரையும் ஒரே அறையில் கதிரை போட்டு உட்கார வைத்து, கடைசியில் விரலை நீட்டுவார். கொலைகாரனும் நல்ல பிள்ளை மாதிரி எழுந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவான். ஆனால் ஒன்று, அந்தக் கதைகளில் செத்தவருக்காக யாரும் அழுவதில்லை. பெண்டாட்டி அடுத்த பக்கத்திலேயே கழுத்தில் முத்து மாலையோடு வந்து பதில் சொல்கிறாள். நானும் அப்படி இருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. நீ அனுப்பியதில் ஒரு தாய், கொலையுண்ட மகனின் சட்டையைத் துவைக்காமலே வைத்திருக்கிறாள். அந்த இடத்தை மட்டும் திரும்பவும் வாசித்தேன். அதை எழுதினவர் வீட்டில் யாரோ செத்திருக்க வேண்டும்.

மகளே, இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் தெரியுமா. நீ கனடாவில் இருந்துகொண்டே எங்களை எல்லாம் கதிரை போட்டு உட்கார வைத்திருக்கிறாய். பரிமளத்துக்கு போன் பண்ணி அப்பாவுக்கு நெஞ்சுவலி எப்போது தொடங்கியது என்று கேட்டாய். ஆட்டோக்காரச் சின்னமுத்துவைக் கேட்டாய். ஆட்டோ வாசலில் வெகுநேரம் சும்மா நின்றது, யாரும் வெளியே வரவில்லை என்று அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைக் கூப்பிட்டு, "பக்கத்துலயே இருந்துக்கிட்டு அப்பாவ சாகக் குடுத்துட்டியேண்ணே" என்று விரலை நீட்டிவிட்டாய். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. மரண விசாரணைக்கு வந்தவர்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை, குடையை மடக்கி வைத்து, பிளேன்டீ குடித்து, மாரடைப்பு என்று எழுதிவிட்டுப் போனார்.

நடந்ததைக் கேள். அன்று பின்னேரம் உங்கப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டே புத்தகத்தோடு இருந்தார். ஆட்டோவைக் கூப்பிட்டது அண்ணன்தான். "எந்திரிங்கப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவோம், வண்டி வாசல்ல நிக்குது" என்றான். அவர், "இருடா, வாயுதான். இன்னுங் கொஞ்சப் பக்கந்தான், எவன் கொன்னான்னு பாத்துட்டு வர்றேன்" என்றார். அவன் கையைப் பிடித்து இழுத்தான், இவர் ஏசினார். நானும் கத்திப் பார்த்தேன். அப்புறம் புத்தகம் கீழே விழுந்தது. நீ அண்ணனை ஏசிய அன்றே இதை உனக்குச் சொல்ல நான் போனை எடுத்தேன், அண்ணன்தான் பிடுங்கி வைத்துவிட்டான். "பழிய அப்பா பேர்ல ஏம்மா போடணும், அவ எம்மேலயே கோவிச்சிக்கிட்டு இருந்துட்டுப் போகட்டும்" என்றான். இத்தனை மாதமும் அப்படியே வாயை மூடிக்கொண்டு இருக்கிறான், இரவுச் சோற்றிலும் பாதியில் எழுந்துவிடுகிறான். உனக்குக் கொலைகாரன்தான் வேண்டுமென்றால் அந்தப் பிடிவாதக்காரக் கிழவனைப் பிடி, மாலை போட்டுக்கொண்டு சுவரில்தான் இருக்கிறார், எங்கேயும் ஓடமாட்டார். அவர் விட்ட கதையின் மிச்சப் பக்கத்தை நான் வாசித்து முடித்தேன். டாக்டர்தான் கொன்றிருக்கிறார். உங்கப்பா எல்லாக் கதையிலும் டாக்டரைத்தான் சந்தேகப்படுவார், ஒருநாளும் சரி வந்ததில்லை. இந்தத் தரம் ஜெயித்திருக்கிறார், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஆவணியில் வருஷத் திவசம் வருகிறது, முடிந்தால் மூன்று பேரும் வாருங்கள். அதற்கு முந்தி அண்ணனுக்கு ஒரு போன் எடு. மன்னிப்பெல்லாம் கேட்கத் தேவையில்லை, சாப்பிட்டாயா என்று கேள், போதும். சின்னவளுக்குத் தலைக்கு எண்ணெய் வை. நோய் நொடி அண்டாமல், பிள்ளையார் துணையில் நீங்கள் நல்லாயிருக்க வேண்டும்.

எனக்கு இங்கிலீஷ் எழுத வராது என்று உனக்குத் தெரியும். உறையை அண்ணனிடம் கொடுத்து உன் விலாசத்தை எழுதச் சொன்னேன். உள்ளே என்ன என்று அவன் கேட்கவில்லை. எதையும் பார்க்காமல், வீட்டு நம்பரிலிருந்து கடைசி எழுத்து வரை மனப்பாடமாக எழுதித் தந்தான்.

உன் அம்மா,
நல்லம்மா