சிவப்பு சீட்டில் வெள்ளிப்பொடி

1962, ஆவணி 9.

முதலாளியின் ரெண்டு சீட்டு ரேஸ் கார் ஆயுதபூஜைக்கு மட்டும்தான் ஷெட்டை விட்டு வெளியே வரும். அதிகம் ஓடாத வண்டி என்றுதான் மதுரைக்காரர் நாளை வாங்க வருகிறார்.

நேற்று எங்கள் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிற அறையில் தீப்பிடித்து, அங்கே வேலை பார்க்கும் செல்லம்மாவுக்குக் கை வெந்துவிட்டது. லாரி லோடுக்குப் போயிருந்தது. டிரைவர் நான், கேட்காமலே அந்தக் காரில் அவளை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

இன்று முதலாளி சீட்டைத் தடவினார். விரலில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி மினுங்கியது.

"யாருலே உக்காந்தது?"

சொன்னேன். குனிந்து, மைல் கூடியிருந்த மீட்டரைப் பார்த்தார்.

"வாறவுக கேட்டா இருக்கன்குடி கோயிலுக்குப் போனோம்னு சொல்லு. தீப்பிடிச்சத வெளிய சொல்லாத."

கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. சீட்டை மூன்று தடவை துடைத்துவிட்டேன். நாளை மாரியம்மன் பேரில் பொய் சொல்ல வேண்டும். வாய் வருமா என்று தெரியவில்லை.