எழவில்லை என்றொரு குடும்பப்பெயர்

வூல்கா, பிப்ரவரி 3

அன்பு மகன் கயெத்தனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் மருமகள் இங்குன்னும் பேத்திக்குட்டி தூவாவும் அந்த நார்வே இருட்டில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் மாதாவிடம் சொல்லி வருகிறேன். அப்பாவின் வலது முழங்கால் மட்டும் குளிரில் மக்கர் பண்ணுகிறது, விறகை உள்ளே கொண்டுவந்து போடாதீர்கள் என்றால் கேட்பதில்லை, என் முதுகு திரும்பியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். கோழிகள் முட்டையை நிறுத்திவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூரை மாற்றினார்கள், பச்சை நிறத்தில், பார்க்கச் சகிக்கவில்லை.

பெயரை மாற்றிக்கொள்ளப் பிறப்புச் சான்று வேண்டும் என்று நீ நவம்பரில் எழுதினாய். நான் பதில் போடவில்லை, ஃபோனில் கேட்டபோதெல்லாம் கோழியைப் பற்றியும் கூரையைப் பற்றியும் பேசித் தப்பித்தேன். மறதி இல்லை, மனசு வரவில்லை. என்ன சொல்வது என்றும் தெரியவில்லை, ஏனென்றால் இந்தப் பெயரை முதலில் வெறுத்தவள் நான்தான். கல்யாணத்துக்கு முன்னால் நான் கோவால்ஸ்கா, இந்த நாட்டில் எந்தத் தெருவில் கல்லெறிந்தாலும் ஒரு கோவால்ஸ்கா மேல் விழும், யாரும் என்னிடம் எழுத்துக்கூட்டிச் சொல் என்று கேட்டதில்லை. நியெவ்ஸ்தாவ் என்று பாதிரியார் ஓலை வாசித்தபோது பின்வரிசையில் என் தோழிகள் குலுங்கியது எனக்கு முதுகாலேயே தெரிந்தது. நியெவ்ஸ்தாவ், அதாவது எழவில்லை என்று யாருக்காவது பெயர் இருக்குமா? முதலிரவுக்கு மறுநாள் நான் கிணற்றடிக்குப் போனபோது என்னென்ன கேட்டார்கள் என்பதை ஒரு மகனுக்கு எழுத முடியாது.

நீ பட்டதும் எனக்குத் தெரியும். தாவரப் பாடம் எடுத்த அந்த மனிதர் தினமும் வகுப்புக்குள் வந்ததும் "எழவில்லை, எழுந்திரு!" என்பார், பிள்ளைகள் எல்லாம் சிரிப்பார்கள், நீ எழுந்து நிற்பாய். எட்டு வயதில் ஒருநாள் வந்து என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாய். நான் என்ன சொன்னேன்? "நீயும் சேர்ந்து சிரிச்சிடுடா, அப்பறம் விட்டுடுவாங்க." பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த ஆளைச் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. போன மாதம் நீ ஃபோனில், "இங்க யாருக்கும் அர்த்தம் தெரியாதும்மா, ஆனா எனக்குத் தெரியுதே, அது போதாதா?" என்றாய், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே கொஞ்சம் பொறுமையாக இதைப் படி, இந்தக் குளிர்காலத்தில் இங்கே ஒரு பெரிய ரகளை நடந்துவிட்டது, அதில் பாதி உன் அம்மா செய்தது.

காட்டோரம் ஜனவரி எழுச்சிக்கு ஒரு நினைவுக்கல் வைப்பதாகப் போன கோடையிலேயே பேச்சு அடிபட்டது உனக்கு நினைவிருக்கும். ஜார் படையை எதிர்த்து 1863இல் நம் ஊரிலிருந்து அரிவாளைத் தூக்கிக்கொண்டு போன ஐந்து பேரின் பெயர்கள், அதில் ஒருவன் ஷிமோன் நியெவ்ஸ்தாவ், அப்பாவின் கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன், இருபத்திரண்டு வயது, அந்தக் காட்டிலேயே செத்தான். டிசம்பரில் கல்தச்சர் பட்டறைக்குப் பக்கமாகப் போனவள் சும்மா எட்டிப் பார்த்தேன். கல் தயாராகச் சாய்த்து வைத்திருந்தது. நான்காவது வரியில் ஷிமோன் நியெவ்ஸ்தால்ஸ்கி என்று வெட்டியிருந்தது. தப்பாக வெட்டிவிட்டீர்களே என்றேன். தச்சர் சீட்டை எடுத்துக் காட்டினார், விழாக்குழு கொடுத்த சீட்டிலேயே அப்படித்தான் இருந்தது, கீழே கையெழுத்து ஸெனோன்.

ஸெனோன் சித்தப்பாவை உனக்குத் தெரியும், அப்பாவின் தாத்தாவும் அவர் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். அந்தத் தாத்தா வரி அலுவலகத்தில் வேலை கிடைத்ததும் பெயருக்குப் பின்னால் ஸ்கி ஒட்டிக்கொண்டார், பிரபு வீட்டுப் பிள்ளை மாதிரி, அன்றிலிருந்து அந்தக் கிளை நம் வாசலுக்கு வந்தால்கூடக் காலணியைத் துடைப்பது வெளியே போகும்போதுதான். நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அண்ணி, எழுச்சியில செத்தவங்களுக்குக் கல்லு வெக்கிறோம். அதுல 'எழவில்லை'ன்னு ஒரு பேரு. யோசிச்சுப் பாருங்க. மறுநாளே எவனாவது ஃபோட்டோ புடிச்சு இணையத்துல போடுவான், நாடே சிரிக்கும். நான் குடும்ப மானத்தக் காப்பாத்தியிருக்கேன்" என்றார். அவர் தாத்தா வாங்கிய ஸ்கியை, அதற்கும் எழுபது வருஷம் முன்பே செத்தவன் தலையில் எப்படி வைக்கலாம் என்றேன். "செத்தவன் கேக்கப்போறதில்ல" என்றார். அப்போது எனக்கு ஏறியது பார், அவர் வீட்டுக் கதவைக்கூடச் சாத்தாமல் வந்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னால், "விடு போலா, கல்லுதானே" என்று விறகு எடுக்கப் போய்விட்டார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, கல்யாண வீட்டில் சூப்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்லமாட்டார்.

சரி என்று மறுநாளே பேருந்து பிடித்து லூப்லினுக்குப் போனேன். ஆவணக் காப்பகத்தில் க்ளௌதியா என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள், மூக்கில் வளையம், பார்த்ததும் இவள் என்ன செய்வாள் என்று நினைத்துவிட்டேன், நினைத்தது தப்பு. என் பெயரைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. "அரிசி மூட்டைல வைரம் கிடைச்ச மாதிரி இருக்கு மேடம்" என்றாள். கணினியில் தட்டிப் பார்த்து, நாடு முழுக்க இந்தப் பெயரில் ஆண் பதினாலு, பெண் பதினேழு, மொத்தம் முப்பத்தோரு பேர், அதில் உன்னையும் தூவாவையும் சேர்த்துத்தான், என்று சொன்னாள். ஸ்கி ஒட்டியவர்கள் இருநூற்றுச் சொச்சம். பழைய காலத்தில் நாம்தான் அதிகம், ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது வெட்கப்பட்டு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள், ஷ்செச்சினில் ஒரு பல் மருத்துவர் மூன்று வருஷத்துக்கு முன்புகூட மாற்றியிருக்கிறார்.

பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நம் வீட்டில் சொல்வது உனக்குத் தெரியும், யாரோ ஒரு சோம்பேறிப் பாட்டன், விடிந்தும் படுக்கையை விட்டு எழாதவன் என்று. க்ளௌதியா நான்கு வாரம் கழித்து என்னை வரச்சொன்னாள், ஒரு பெட்டியைத் திறந்து பழைய பண்ணைத் தண்டனைப் புத்தகம் ஒன்றை எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். 1781, அறுவடை மாதம். நம் ஊர் மாச்சேய் என்ற குடியானவன் வரப்பில் கட்டைமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான், பண்ணைக் காரியக்காரர் குதிரையில் வந்தார், எல்லாரையும் எழச் சொன்னார், மாச்சேய் எழவில்லை. இருபது கசையடி. மறுநாள் அதே இடம், எழச் சொன்னார், எழவில்லை. இருபது. அதற்கடுத்த நாளைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அடுத்த வருஷக் குடிப்பட்டியலில் மாச்சேய்க்குப் பக்கத்தில், குடும்பப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில், எழவில்லை என்று இருக்கிறது. கேலிக்கு எழுதியதுதான், அவனைக் குறித்து வைத்துக்கொள்வதற்காக எழுதியது.

அந்தப் பெண் நேர்மையானவள். "மேடம், ஒண்ணு சொல்லிடறேன், இரண்டாவது நாள் அவர் எழாதது வீம்பா, இல்ல முதல் நாள் அடியில எழ முடியலையான்னு இந்தப் புத்தகம் சொல்லல. நானா கூட்டிச் சொல்லமாட்டேன்" என்றாள். எனக்கு எதுவானாலும் சரி என்றேன். முதல் நாள் ஒன்று போதும். பேருந்தில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், எதிரே இருந்தவர் எனக்குத் தலைவலி என்று நினைத்து மாத்திரை நீட்டினார்.

அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு விழாக்குழுக் கூட்டத்துக்குப் போனேன். தீயணைப்புப் படைக் கூடத்தில் எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், நின்றுகொண்டே முழுவதையும் வாசித்தேன். ஸெனோன், "இருபது அடி வாங்கினது ஒரு பெருமையா அண்ணி? அத வேற ஊர்ல வாசிச்சுக் காட்டணுமா?" என்றார். அடித்தவன் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை. ஆனாலும் பலனில்லை. கல் வெட்டியாகிவிட்டது, அழைப்பிதழ் போய்விட்டது, மாவட்டத்திலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று கைதூக்கச் சொன்னார்கள், என் பக்கம் நான்கு கை, அந்தப் பக்கம் ஒன்பது. ஊர்த்தலைவி மஜெனா கையைத் தூக்கவுமில்லை, என் முகத்தைப் பார்க்கவுமில்லை. வெளியே வந்து பனியில் வழுக்கி விழுந்தேன், அடி ஒன்றும் இல்லை, நீ பதறாதே. அப்பா நகலை என்னிடமிருந்து வாங்கிச் சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து படித்தார், திரும்பவும் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், விறகுக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஜனவரி 22, விழா. வெளியே மைனஸ் பதினாறு, அதனால் பேச்செல்லாம் தீயணைப்புக் கூடத்தில், கல்லுக்குப் போவது கடைசியில். நூறு நாற்காலி, பிள்ளைகள் பாட்டு, பித்தளை வாத்தியம். நான் வரமாட்டேன் என்றேன், அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு, "கெளம்பு போலா" என்றார், வந்தேன். முதல் வரிசையில் குடும்பத்தாருக்கு இடம். மஜெனா பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசிக்க, அந்தந்தக் குடும்பம் எழுந்து நிற்க வேண்டும். நான்காவதாக, "ஷிமோன் நியெவ்ஸ்தால்ஸ்கியின் குடும்பத்தினர்" என்றாள். ஸெனோனும் அவர் மனைவியும் மகன்களும் எழுந்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மஜெனா காத்திருந்தாள். பிறகு கொஞ்சம் குனிந்து, "வலென்தி அண்ணே, எந்திரிங்க" என்றாள், ஒலிபெருக்கியில் அது கூடம் முழுக்கக் கேட்டது. ஸெனோன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாவம், முழங்கால் வலி" என்றார். அப்பா, "முழங்கால் நல்லாத்தான் இருக்கு" என்றார். "அது எங்க பேரு இல்ல மஜெனா. எங்க பேரச் சொல்லு, எந்திரிக்கிறேன்." பின்னால் யாரோ, "எழவில்லை எழலடா!" என்று கத்த, கூடமே சிரித்தது. நீ வகுப்பில் கேட்ட அதே சிரிப்பு, கயெத்தன், எனக்குத் தெரியும். அப்பாவின் காது சிவந்துபோனது, கழுத்து வியர்த்தது, ஆனால் ஆள் அசையவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், நானும் அசையவில்லை. சிரிப்பு எவ்வளவு நேரம்தான் இருக்கும்? தானாகவே தேய்ந்து நின்றது. நின்ற பிறகும் இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தோம். மாவட்டத்து மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸெனோன் நின்றுகொண்டே இருந்தார், நிற்பதா உட்காருவதா என்று அவருக்கே தெரியவில்லை.

மஜெனா பேனாவை எடுத்துப் பட்டியலில் எதையோ அடித்தாள். "ஷிமோன் நியெவ்ஸ்தாவின் குடும்பத்தினர்" என்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். அப்பா நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார், முழங்கால் வலித்தது எனக்குத் தெரியும், காட்டிக்கொள்ளவில்லை. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

கல்தச்சர் மறுவாரமே தானாக வந்து கேட்டார். பெரிய வேலை இல்லையாம், கடைசி மூன்று எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, எல் எழுத்தின்மேல் ஒரு சாய்ந்த கோடு வெட்டினால் அது வ் ஆகி நம் பெயர் வந்துவிடுமாம். வெட்டிவிட்டார். தேய்த்த இடத்தில் கல் குழிந்து, கை வைத்தால் தெரிகிறது. ஸெனோன் என்னிடம் பேசுவதில்லை, தேவாலயத்தில் தூணுக்கு அந்தப்பக்கம் போய் உட்காருகிறார், அங்கே காற்று அடிக்கும், அடிக்கட்டும். இணையத்தில் ஃபோட்டோ வந்தது உண்மைதான், சிரித்தவர்களும் இருக்கிறார்கள். வந்து என் முன்னால் சிரிக்கச் சொல்.

இனி உன் காரியம். நீ கேட்ட பிறப்புச் சான்றை இதோடு வைத்திருக்கிறேன், முத்திரை எல்லாம் சரியாக இருக்கிறது, பார்த்துக்கொள். மாற்றாதே என்று உன்னிடம் கெஞ்சமாட்டேன், எட்டு வயதில் உன் பக்கம் வந்து நிற்காதவளுக்கு இன்று அந்த உரிமை இல்லை. உன் பெயர், உன் மகள், உன் இஷ்டம். ஆனால் அந்தப் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது, நான் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன். மனைவி பெயர் வேண்டும் என்று எழுது, நார்வேக்காரர் வாயில் நுழையவில்லை என்று எழுது. கேலிக்கிடமான பெயர் என்று மட்டும் எழுதாதே. அதை எழுதினால் நான் வயதையும் பார்க்காமல் விமானம் ஏறி வருவேன், சொல்லிவிட்டேன்.

தூவாவுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்பியிருக்கிறேன், உலர்த்தும் இயந்திரத்தில் போடாதே, சுருங்கிவிடும். இங்குன்னிடம் புளித்த மாவு சூப்புக்கு மாவை மூன்று நாள் மூடி வைக்கச் சொல், ஒரே நாளில் திறந்தால் வராது. வேலை முடிந்து வரும்போது வழுக்குப் பாதையில் வண்டியை மெதுவாக ஓட்டு. பதினாலாம் தேதி புனித வலென்தி திருநாள், அப்பாவின் பெயர்நாள், ஃபோன் பண்ண மறக்காதே. கூடத்தில் நடந்ததை அவர் வாயால் கேள், ஒன்றும் சொல்லமாட்டார், ஆனாலும் கேள். மாதா உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும், உன் கைக்கு வேலையும் வீட்டுக்குச் சூடும் குறையாமல் இருக்கட்டும்.

உன்னை நெற்றியில் முத்தமிடும் உன் அம்மா,
அபோலோனியா நியெவ்ஸ்தாவ்

பி.கு. உறையின்மேல் உன் பெயரை முழுசாக, பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர்த் தபால்காரருக்கு வாசிக்கக் கஷ்டமாக இருக்கும். கஷ்டப்படட்டும்.