அழிக்காமல் விட்ட கேஷ்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று கை தானாக எழுதிவிட்டது, அதை அடித்துவிட்டு நான் நலம் என்று மாற்றியிருக்கிறேன், அடித்தல் திருத்தலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே, குழந்தைக்கு இருமல் விட்டதா? போன வாரம் நீ போனில் கத்தியதும் நான் பட்டென்று வைத்ததும் மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மறுபடி பேசினால் இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும், அதனால்தான் கடிதம்.

ஜாயின்ட் அக்கவுண்டிலிருந்து அம்மா பெயரை இந்த மாதக் கடைசிக்குள் ஆன்லைனில் எடுக்காவிட்டால் கணக்கை முடக்கிவிடுவோம் என்று பாங்கில் சொன்னது உனக்கே தெரியும். அம்மாவின் கம்ப்யூட்டரில் பாங்க் பக்கம் திறக்கிறது, பாஸ்வேர்டு போட முடிகிறது, லாகின் பட்டனை அழுத்தினால் மட்டும் குத்துக்கல் மாதிரி அப்படியே நிற்கிறது. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் ஒரு பட்டனிடம் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அது வேலை செய்யாததில் எனக்கு உள்ளூர நிம்மதி. அவள் பெயரை என் கையால் எடுக்க வேண்டாமே என்று இருந்தது. நீ அவசரப்படுத்தியதும் சுருக்கென்றது அதனால்தான்.

அப்புறம் ரோஷம் வந்து பாங்கின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்து, சார் முதல்ல கேஷ், ஹிஸ்டரி எல்லாத்தையும் கிளியர் பண்ணிடுங்க என்றாள். கேஷைக் காலி பண்ணச் சொல்கிறாளே, இவள் பாங்க் ஆளே இல்லை, திருடி என்று முடிவுகட்டி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். பாவம், அது வேற கேஷ் சார் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். எந்தக் கேஷாக இருந்தாலும் தொட விடமாட்டேன் என்று வைத்துவிட்டேன்.

மாடி வீட்டு நர்ஸம்மாவிடம் சொன்னேன், சிரி சிரியென்று சிரித்தார். பார்த்த பக்கங்களை எல்லாம் பிரவுசர் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம், அதற்கும் கேஷ் என்றுதான் பெயராம். இது ரொம்பப் பழைய பிரவுசர் அங்கிள், பாங்க்காரங்க இதைக் கைவிட்டுட்டாங்க, அழிச்சாலும் திறக்காது, புதுசு ஒண்ணு பக்கத்துலயே போட்டுத் தர்றேன் என்று உட்கார்ந்தார். புதியதைத் தேட மேலே இருந்த கட்டத்தைத் தொட்டதும் அம்மா தேடியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. உன் ஊர் பெயர் போட்டு மழை, உன் ஊர் பெயர் போட்டு குளிர், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலையில்கூடப் பார்த்திருக்கிறாள். அதற்குக் கீழே, ஒரு ஆளுக்குச் சமைக்க எவ்வளவு அரிசி. நர்ஸம்மா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிடும் என்று நான்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் தலையாட்டியிருக்கிறாள். அரிசி டப்பாவில் ஒரு சின்ன டம்ளர் புதிதாகக் கிடந்தது, பாதியில் கோடு வேறு கீறியிருந்தது. அவள் போனதிலிருந்து நாலு மாதமாக அதை ஒதுக்கிவிட்டுக் கைக்கு வந்ததைப் போட்டு வடித்து, மிஞ்சியதை மறுநாளும் தின்றுகொண்டிருந்தேன். நான் அழுதேன் மகளே, நர்ஸம்மா முன்னாலேயே அழுதேன்.

புதிய பிரவுசரில் முதல் தடவையிலேயே திறந்துகொண்டது. அம்மாவின் இறப்புச் சான்றிதழை ஏற்றியதும், இந்தப் பெயரை நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆம் என்பதை அழுத்தினேன். அந்தப் பட்டன் மட்டும் உடனே வேலை செய்தது.

உதவி எண் பெண்ணைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் அவள் சொன்னது எனக்குச் சரியாகப் புரிந்திருந்தால் எல்லாவற்றையும் அன்றைக்கே துடைத்துப் போட்டிருப்பேன், நினைத்தாலே பகீரென்கிறது. அடுத்த மாதம் வரும்போது, வழக்கம்போல இந்தக் கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று உட்கார்ந்துவிடாதே, பழைய பிரவுசர் அப்படியே கிடக்கட்டும். மழையில் நனையாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இன்றைக்கு அந்த டம்ளரில் கோடு வரை அளந்து போட்டேன். ஒரு பருக்கை மிஞ்சவில்லை. நீங்கள் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல், கோட்டைத் தாண்டிப் போட வேண்டும்.

உன் அன்பு அப்பா